ஒன்பதாம் அத்தியாயம்: ஜீனர் மீது எழுதியிருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்பதை ஹாலில் உட்கார்ந்தபடியே பார்க்க ஆசைப்பட்டு ஒரு சின்னச் சுற்று கட்டினேன். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, ஓர் இஎஸ்பி32 போர்டு, இரண்டுக்கும் நடுவில் 47 கிலோஓமும் 10 கிலோஓமும் தொடராகப் போட்ட மின்னழுத்தப் பகுப்பான். சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் இருந்தால், பகுப்பானின் நடுப்புள்ளியில் 2.53 வோல்ட் வரவேண்டும். அந்தப் புள்ளிதான் போர்டின் அனலாக் பின்னுக்குப் போகிறது. அந்தப் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. எதற்கும் இருக்கட்டும் என்று 10 கிலோஓமுக்குக் குறுக்கே ஒரு 3.3 வோல்ட் ஜீனரையும் சால்டர் செய்துவிட்டேன்.

திரையில் 10.5 என்று வந்தது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரிக்கு 10.5 என்பது முழுக்கக் காலியானதன் அடையாளம். பேட்டரியோ சார்ஜரில் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

முதலில் இஎஸ்பி32-ஐத்தான் சந்தேகப்பட்டேன். அதன் ஏடிசி நேர்கோட்டில் அளக்காது என்ற கெட்ட பெயர் ஏற்கெனவே உண்டு. மென்பொருளில் திருத்தக் காரணி போட்டுப் பார்த்தேன். 14.4-க்குச் சரியாக வந்தால் 12-க்குத் தப்பாக வந்தது. ஒரு மாலை முழுக்க இதிலேயே போனபின்தான் மல்டிமீட்டரை நேராகப் பின்னில் வைத்தேன். 1.85 வோல்ட். ஏடிசி தனக்குக் கிடைத்ததை ஒழுங்காகத்தான் சொல்லியிருக்கிறது. ஜீனரின் ஒரு காலை சால்டரிலிருந்து தூக்கியதும் மீட்டர் 2.5-க்கு ஏறியது.

3.3 வோல்ட் வரை சும்மா இருக்க வேண்டியது 1.85-லேயே மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஜீனர் பழுதானது அல்ல, போலியும் அல்ல. அதன் டேட்டாஷீட்டில் எழுதியிருப்பதைத்தான் செய்தது. நான்தான் முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன்.

எண் எந்த மின்னோட்டத்துக்கு உரியது?

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் இதைச் செனார் டையோடு என்கிறது. பட்டறையில் எல்லோரும் ஜீனர் என்போம். பாடநூலின் படத்தில் முறிவு மின்னழுத்தம் வந்ததும் கோடு செங்குத்தாகக் கீழே விழும். அந்தப் படம் மனதில் பதிந்துவிடுவதால், 3.3 என்று எழுதியிருந்தால் அங்கே ஒரு மதில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இருப்பது ஒரு சரிவு. உடம்பில் அச்சிட்ட எண், அந்தச் சரிவில் உற்பத்தியாளர் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி தொடருக்குத் தொடர் மாறும். அரை வாட் பிஇசட்எக்ஸ்79 தொடரில் 24 வோல்ட் வரையுள்ள வகைகளை 5 மில்லிஆம்பியரில் அளந்து பெயரிடுகிறார்கள். ஒரு வாட் 1என்4728ஏ-யும் 3.3 வோல்ட் ஜீனர்தான். ஆனால் அதன் 3.3 என்பது 76 மில்லிஆம்பியர் ஓடும்போது மட்டும். என் பகுப்பான் மொத்தமாகவே 0.3 மில்லிஆம்பியர்தான் தரும். அவ்வளவு குறைந்த மின்னோட்டத்தில் 3.3 என்ற எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

டேட்டாஷீட்டில் இதைக் காட்டும் இன்னொரு வரிசை உண்டு: மாறுமின்தடை. 1என்4728ஏ-க்கு 76 மில்லிஆம்பியரில் 10 ஓம், 1 மில்லிஆம்பியரில் 400 ஓம் என்று உச்ச அளவுகள் போட்டிருக்கும். கோடு செங்குத்தாக விழுகிறது என்றால் மின்தடை ஏறத்தாழப் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். 400 ஓம் என்பது செங்குத்து அல்ல, சோம்பேறித்தனமான வளைவு. அதை முழங்கால் என்று சொல்வது வழக்கம். தாழ்ந்த வோல்ட் ஜீனர்களுக்கு அந்த முழங்கால் மடங்கவே மடங்காது.

இதை நம்புவதற்கு நீங்களே ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. அரை வாட் 3.3 வோல்ட் ஜீனர் ஒன்றைப் பிரெட்போர்டில் செருகி, 12 வோல்ட் சப்ளையிலிருந்து முதலில் 100 கிலோஓம் வழியாகவும், பிறகு 10 கிலோஓம், பிறகு 1 கிலோஓம் வழியாகவும் ஊட்டுங்கள். கோடு போட்ட பக்கம் நேர்முனைக்கு. ஜீனர் மீதான மின்னழுத்தம் ஏறத்தாழ 1.9, 2.6, 3.5 என்று வரும். ஒரே பொருள்தான். இப்போது 24 வோல்ட் சப்ளையில் ஒரு 12 வோல்ட் ஜீனரை வைத்து அதையே செய்யுங்கள். 100 கிலோஓமிலும் 1 கிலோஓமிலும் கிடைப்பதற்கு நடுவே கால் வோல்ட் வித்தியாசம் வந்தாலே அதிகம்.

ஒரே பெயருடைய இரண்டு பொருள்கள் இப்படி வேறுபடக் காரணம், அவை ஒன்றே அல்ல என்பதுதான். கிளாரன்ஸ் ஜீனர் 1934-இல் விளக்கியது மின்கடத்தாப் பொருளில் வலுவான மின்புலம் எலெக்ட்ரான்களைத் தடையைத் துளைத்துக் கடக்கவைக்கும் நிகழ்வு. சுமார் 5 வோல்ட்டுக்குக் கீழே உள்ள டையோடுகளில் நடப்பது இந்தத் துளைப்புதான். அது கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்கும். அதற்கு மேலே நடப்பது சரிவுப் பெருக்கம்: ஓர் எலெக்ட்ரான் மோதி இன்னொன்றைக் கிளப்ப, அவை மோதி மேலும் கிளப்பும். அது திடீரென்று தொடங்கும். ஆக, கடையில் ஜீனர் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஜீனர் விளைவால் வேலை செய்பவையே அல்ல. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வெப்பத்திலும் இந்த இரட்டைக் குணம் தெரியும். பிஇசட்எக்ஸ்79-இன் 3.3 வோல்ட் வகை ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 2.4 மில்லிவோல்ட் இறங்கும்; 12 வோல்ட் வகை சுமார் 8.4 மில்லிவோல்ட் ஏறும். இரண்டு விளைவுகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் 5.1-க்கும் 5.6-க்கும் நடுவில். எந்த வோல்ட் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற சுதந்திரம் இருந்தால் நான் 5.6-ஐத்தான் எடுப்பேன்.

5 வோல்ட் பின்னும் 24 வோல்ட் சென்சாரும்

3.3 வோல்ட்தான் வம்பு, 5 வோல்ட் போர்டில் பிரச்சினை இருக்காது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அர்டுயினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-யின் பின்னில், சப்ளையைவிட 0.5 வோல்ட்டுக்கு மேல் ஏறக்கூடாது. 5 வோல்ட் சப்ளை என்றால் 5.5 எல்லை. தொழிற்சாலைச் சென்சார் ஒன்றின் 24 வோல்ட் கம்பி தவறுதலாக இந்தப் பின்னில் பட்டுவிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஓம் தொடர் மின்தடை, பின்னுக்கும் தரைக்கும் நடுவே 5.1 வோல்ட் 1என்4733ஏ.

அதன் 5.1 என்பது 49 மில்லிஆம்பியரில். அங்கே மாறுமின்தடை 7 ஓம் வரை இருக்கலாம். 24 வோல்ட் பட்டால் 180 மில்லிஆம்பியர் ஓடும். கூடுதலான 130 மில்லிஆம்பியர் அந்த 7 ஓமில் 0.9 வோல்ட்டைச் சேர்க்கும். ஆகவே பின்னில் 6 வோல்ட். ஐந்து சதவீத வித்தியாசம் நமக்கு எதிராக அமைந்தால் இன்னொரு கால் வோல்ட். எல்லை 5.5 என்பதை நினைவில் வையுங்கள். சூட்டைக் கேட்கவே வேண்டாம்: ஜீனரில் ஒரு வாட்டுக்கு மேல், 100 ஓமில் மூன்று வாட்டுக்கு மேல். அந்த ஜீனரின் ஒரு வாட் தாங்குதிறன் 50 டிகிரி வரைதான்; அதற்கு மேல் டிகிரிக்கு 6.67 மில்லிவாட் குறைத்துக்கொள்ள வேண்டும். மூடிய பெட்டிக்குள் 70 டிகிரி இருந்தால் 0.87 வாட்தான் மிச்சம்.

சரி, 100 ஓமுக்குப் பதில் 1 கிலோஓம் போடுவோம். இப்போது 19 மில்லிஆம்பியர்தான், ஜீனரில் 0.1 வாட், ரெசிஸ்டரில் 0.36 வாட். ரெசிஸ்டர் மட்டும் அரை வாட்டாக இருக்கட்டும். இது நல்ல வடிவமைப்பு. அப்படியானால் 10 கிலோஓம், 100 கிலோஓம் என்று ஏற்றிக்கொண்டே போனால் இன்னும் பத்திரம்தானே?

அங்கேதான் கசிவு காத்திருக்கிறது. 1என்4733ஏ-க்கு வெறும் 1 வோல்ட்டிலேயே 10 மைக்ரோஆம்பியர் வரை கசியலாம் என்று டேட்டாஷீட் அனுமதிக்கிறது. 1 கிலோஓமில் அது 10 மில்லிவோல்ட் பிழை. 10 கிலோஓமில் 100 மில்லிவோல்ட். 10 பிட் ஏடிசியின் ஒரு படி 4.9 மில்லிவோல்ட் என்பதால், இருபது படி காணாமல் போகும். 4 வோல்ட்டுக்கு வரும்போது கசிவு இதைவிட அதிகம். அதுவும் நேர்விகிதத்தில் ஏறாது, வளைந்து ஏறும். மென்பொருளில் ஒரு பெருக்கல் எண்ணைப் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. என் இன்வெர்ட்டர் விவகாரத்தில் ஒரு மாலை வீணானதும் இதனால்தான்: 14.4-க்கும் 12-க்கும் இடையே உள்ள 2.4 வோல்ட் வித்தியாசத்தை என் சுற்று வெறும் முக்கால் வோல்ட்டாகச் சுருக்கியிருந்தது.

ஜீனர் எண்ணைக் கூட்டினால் பின் எரியும்; குறைத்தால் அளவீடு கெடும். பாதுகாப்பும் துல்லியமும் ஒரே ஜீனரிடம் கேட்டால் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். தாழ்ந்த வோல்ட்டில் பல நேரம் ஒன்றுகூடக் கிடைக்காது.

அதிர்வெண் ஏறும்போது

ஜீனரின் சந்தி பரப்பில் பெரியது, மாசேற்றம் மிகுந்தது. அதனால் கெப்பாசிட்டன்ஸும் பெரிது. பிஇசட்எக்ஸ்79-இன் 5.1 வோல்ட் வகைக்கு 300 பிகோஃபாரட் வரை, 12 வோல்ட் வகைக்கு 85 வரை. மூலத்தின் மின்தடை 10 கிலோஓம் என்றால் 300 பிகோஃபாரட் 53 கிலோஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்கும்; ஆடியோவுக்குத் தொல்லை இல்லை. 100 கிலோஓம் என்றால் 5.3 கிலோஹெர்ட்ஸ். அலையின் தலையை வெட்டப் போட்ட டையோடு, தலை உயராத நேரத்திலும் குரலின் கூர்மையை மழுக்கிக்கொண்டிருக்கும். முதுகோடு முதுகாக இரண்டு ஜீனர் போட்டால் கெப்பாசிட்டன்ஸ் ஏறத்தாழப் பாதியாகும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அந்த அமைப்பில் எப்போதும் ஒன்று முன்னோக்கிக் கடத்த வேண்டியிருக்கிறது; அதில் தேங்கிய மின்னேற்றம் வடிய நேரமாகும். வேகமான சைகைகளில் வெட்டிய தலை தட்டையாக இல்லாமல் சாய்ந்து நிற்பதை ஆசிலாஸ்கோப்பில் பார்க்கலாம்.

கிட்டார் பெடல் கட்டுபவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு மழுங்கிய முழங்கால்தான் வேண்டும். மதில் போல வெட்டினால் காது கூசும். அளவிடும் சுற்றில் நான் குறை சொல்லும் குணமே அங்கே சுவை. அது வேறு கதை.

ஜீனரைச் சைகையிலிருந்து ஒதுக்கி வையுங்கள்

இத்தனை குறைக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து போதும், அதுவும் சில ரூபாய்க்குள். ஜீனரைச் சைகைக் கம்பியில் நேராகக் கட்டாதீர்கள். சப்ளையிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாக அதற்கு எப்போதும் மின்னோட்டம் கொடுத்து, முழங்காலைத் தாண்டி நிமிர்ந்து நிற்கவையுங்கள். சைகைக் கம்பியிலிருந்து ஜீனரின் தலைக்கு ஒரு 1என்4148. சைகை, ஜீனரைவிட 0.6 வோல்ட் மேலே போனால்தான் அந்தச் சிறிய டையோடு திறக்கும். அதுவரை சைகைக்கு ஜீனர் இருப்பதே தெரியாது: கசிவு நானோஆம்பியர்களில், கெப்பாசிட்டன்ஸ் 4 பிகோஃபாரட்.

5 வோல்ட் பின், 12 வோல்ட் சப்ளை என்றால் 4.7 வோல்ட் அரை வாட் ஜீனரும் 1.5 கிலோஓமும் போடுங்கள். 4.9 மில்லிஆம்பியர் ஓடும். அதாவது எண்ணை அச்சிட்ட அதே புள்ளியில் ஜீனர் உட்கார்ந்திருக்கும். வெட்டு சுமார் 5.3 வோல்ட்டில். ஜீனருக்குக் குறுக்கே ஒரு 100 நானோஃபாரட் வைத்தால் வேகமான அதிர்ச்சியை அதுவே விழுங்கும். சைகைக் கம்பியில் தொடர் மின்தடையை மறந்துவிடாதீர்கள். எந்த வெட்டும் சுற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம். எதிர்ப்பக்கத்துக்கும் தரையிலிருந்து ஒரு டையோடு வேண்டும்.

3.3 வோல்ட் பின்னுக்கு ஜீனரையே விட்டுவிட்டு டிஎல்431 போடுவேன். மூன்று கால் உள்ள இந்தப் பொருளின் குறிப்புக் காலைக் கேத்தோடு காலோடு இணைத்தால் 2.495 வோல்ட் ஜீனர் போல நடந்துகொள்ளும். மாறுமின்தடை சுமார் 0.2 ஓம்தான். குறைந்தது 1 மில்லிஆம்பியர் கொடுக்க வேண்டும், 100 வரை தாங்கும். மேலே ஒரு 1என்4148 சேர்ந்தால் 3.1 வோல்ட் அருகில் வெட்டும். ஆனால் இங்கே பழக்கதோஷத்தில் குறுக்கே 100 நானோஃபாரட் வைத்துவிடாதீர்கள். சில கெப்பாசிட்டர் மதிப்புகளில் டிஎல்431 தானாக அலைய ஆரம்பிக்கும். அந்த மதிப்புகளை அதன் டேட்டாஷீட்டில் ஒரு வரைபடமாகவே கொடுத்திருப்பார்கள்.

இன்னும் எளிய வழி ஒன்றைப் பலர் சொல்வார்கள்: பின்னிலிருந்து 3.3 வோல்ட் சப்ளைக்கு ஒரு ஷாட்கி டையோடு, தரையிலிருந்து பின்னுக்கு இன்னொன்று. பிஏடி54எஸ் என்ற ஒரே உறையில் இரண்டும் கிடைக்கும். நல்ல வழிதான், ஒரு பொறி இருக்கிறது. அதிகமான மின்சாரம் சப்ளைக் கம்பிக்குள் போகிறதே, அங்கிருந்து எங்கே போகும்? ஏஎம்எஸ்1117 போன்ற ரெகுலேட்டருக்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. வாகனங்களில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கையில் பேட்டரி இணைப்பு அறுந்தால் 12 வோல்ட் கம்பியில் எழும் அதிர்ச்சிக்கு, ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை 79 முதல் 101 வோல்ட் வரை, 400 மில்லிவினாடி வரை என்று சோதனை அளவு வைத்திருக்கிறது. என் 47 கிலோஓம் வழியாக 100 வோல்ட் வந்தால் 2 மில்லிஆம்பியர். இஎஸ்பி32 விழித்திருந்தால் அதைத் தின்றுவிடும். ஆழ்ந்த உறக்கத்தில் அது எடுப்பதோ சுமார் 10 மைக்ரோஆம்பியர், மிச்சமெல்லாம் 3.3 வோல்ட் கம்பியைத் தூக்கும். ஜீனர் அல்லது டிஎல்431 நிலைநிறுத்திய தனிப் புள்ளிக்கு வெட்டுவதன் அனுகூலம் இதில்தான்: அது வந்ததைத் தரைக்கு அனுப்பிவிடும்.

ஷாட்கியின் கசிவும் கவனிக்க வேண்டியது. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மூலத்தின் மின்தடை மிக அதிகமென்றால் பிஏவி199 போன்ற குறைகசிவு டையோடுக்கு மாறுங்கள். அறை வெப்பத்தில் அதன் உச்சக் கசிவு 5 நானோஆம்பியர்தான்.

இரு திசையிலும் சமமாக வெட்ட வேண்டிய ஏசி சைகைக்கு, நான்கு 1என்4148-ஐப் பாலமாகக் கட்டி நடுவில் ஒரே ஜீனரை வையுங்கள். முதுகோடு முதுகான இரண்டு ஜீனர்கள் ஒன்றுபோல் அமையாது, மேல்பாதி 5.6-இலும் கீழ்ப்பாதி 6-இலும் வெட்டும். பாலத்தில் இரண்டு பாதியையும் வெட்டுவது ஒரே ஜீனர். ஜீனர் எண்ணோடு 1.3 வோல்ட் கூடும், அவ்வளவுதான்.

டிவிஎஸ் டையோடு போட்டால் எல்லாம் தீருமா என்ற கேள்வியும் எழும். எஸ்எம்பிஜே5.0ஏ-ஐப் பாருங்கள். 600 வாட் அதிர்ச்சி தாங்கும், உண்மை. ஆனால் பெயரிலுள்ள 5.0 அது சும்மா இருக்க வேண்டிய மின்னழுத்தம், முறிவு 6.4-இல்தான் தொடங்கும், 65 ஆம்பியரில் 9.2 வோல்ட் வரை விடும். 5 வோல்ட்டிலேயே 800 மைக்ரோஆம்பியர் வரை கசியவும் செய்யலாம். கம்பி உள்ளே நுழையும் வாசலில் அது நிற்கட்டும். பின்னுக்குப் பக்கத்தில் துல்லியமாக வெட்டுவது அதன் வேலை அல்ல.

ஜீனரை நேராகவே கட்டலாம் என்று நான் தயங்காமல் சொல்லும் இடம் மாஸ்ஃபெட்டின் கேட். ஐஆர்எஃப்இசட்44என்-இன் கேட் 20 வோல்ட் தாங்கும்; ஓட்டுவது 10 வோல்ட்டில். நடுவில் 10 வோல்ட் இடைவெளி கிடக்கிறது. 12 அல்லது 15 வோல்ட் ஜீனரின் முழங்கால் கூர்மையானது. அரை வோல்ட் முன்னே பின்னே வெட்டினாலும் யாருக்கும் நஷ்டமில்லை. கசிவைப் பற்றிக் கேட் கவலைப்படாது. ஜீனரின் ஒவ்வொரு குறைக்கும் அங்கே இடமிருக்கிறது.

சால்டர் செய்வதற்கு முன்

கண்ணாடி உறையில் வரும் அரை வாட் ஜீனரும் 1என்4148-உம் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மல்டிமீட்டரின் டையோடு சோதனையும் இரண்டுக்கும் 0.6 முதல் 0.7 என்றே காட்டும். டப்பாவில் கலந்துவிட்டால் லென்ஸ் வைத்து எழுத்தைப் படிக்க வேண்டும், அல்லது மேலே சொன்ன பிரெட்போர்டு சோதனையைச் செய்ய வேண்டும். எந்த மின்னோட்டத்தில் சோதித்தீர்கள் என்பதையும் பொட்டலத்தின் மேல் எழுதி வைத்தால் அடுத்த முறை குழப்பம் இல்லை.

வெட்டும் டையோடுகளைப் பின்னுக்கு நெருக்கமாக, கால்களைக் குட்டையாக வெட்டிப் பொருத்துங்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி தூண்டல் உண்டு. நிலைமின் தாக்குதலில் ஒரு நானோவினாடிக்குள் 30 ஆம்பியர் எழும்; பத்து மில்லிமீட்டர் கால் மட்டுமே 300 வோல்ட்டைச் சேர்த்துவிடும். டேட்டாஷீட் எண்கள் அந்த நேரத்தில் உதவாது.

சுற்று வேலை செய்யத் தொடங்கியதும் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். சைகை அதன் வழக்கமான உச்சத்தில் இருக்கும்போது பின்னில் மல்டிமீட்டரை வைத்துப் படியுங்கள். வெட்டும் டையோடின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மறுபடி படியுங்கள். இரண்டு எண்ணும் ஏடிசியின் ஒரு படிக்குள் ஒத்துப்போனால் பெட்டியை மூடலாம். என் இன்வெர்ட்டர் சுற்றில் டிஎல்431-உம் 1என்4148-உம் மாற்றிய பிறகு மீட்டரின் கடைசி இலக்கம்கூட அசையவில்லை.